இன்டர்செப்டரின் முன் டயரைச் சின்னதாக்கிய கதை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்ட பலகை உண்டு. இன்டர்செப்டர் பைக்கை வாங்கிய இரண்டாவது வாரமே அங்கே கிளம்பினேன். முப்பதாவது பலகை வருவதற்குள் இரண்டு தோள்பட்டையும் கடுத்துப்போயின. "ஏங்க, ஒவ்வொரு வளைவுலயும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் திருப்புறீங்க, பின்னாடி எனக்கே தெரியுது" என்றாள் மனைவி.

பொய்யில்லை. வண்டி வளைவுக்குள் சாய மறுத்தது. ஹேண்டிலைத் தள்ளிச் சாய்த்தாலும் பாதி வளைவில் நிமிரப் பார்த்தது. இறங்கும்போது இன்னும் மோசம். வளைவுக்கு நடுவில் முன் பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும், சடாரென்று நிமிர்ந்து எதிர்த்தடத்தை நோக்கிப் போகும். எதிரே வாழைத்தார் ஏற்றிய மினி லாரி வந்த ஒரு வளைவில் உண்மையாகவே பயந்துவிட்டேன்.

வண்டி ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650. 2019 மாடல், கோயம்புத்தூரில் ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கியது. எடை 202 கிலோ. அதற்குமுன் பன்னிரண்டு வருடம் ஸ்ப்ளெண்டர் ஓட்டியவன் நான், அதன் எடை இதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதனால் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது. "கனமான வண்டின்னா அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிடும்." நானும் இரண்டு மாதம் பழகிப் பார்த்தேன். ராசிபுரத்தில் ஒரு நண்பர் அதே மாடல், அதே வருட வண்டி வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டிப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. அதே 202 கிலோ கண் பார்க்கும் பக்கம் தானாகத் திரும்புகிறது. அப்படியானால் கோளாறு எடையில் இல்லை, என் வண்டியில்தான்.

முதலில் காசு செலவாகாத வேலை. காற்றைப் பார்த்தேன். முன்னால் 26 பி.எஸ்.ஐ இருந்தது. பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி, முன்னால் 32, பின்னால் 36 வைத்தேன். கனம் கொஞ்சம் குறைந்தது. பத்து பங்கு கோளாறில் இரண்டு பங்கு இதிலேயே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். காற்றைச் சரிபார்க்காமல் டயரைக் குறை சொல்பவர் யாராவது இருந்தால் முதலில் கேஜ் வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கோன் செட், அதாவது ஹேண்டில் தண்டு சுழல்வதற்கான பேரிங். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் முன்பக்கமாக ஒரு பலகைத்துண்டை வைத்து, காருக்குப் போடும் ஜாக்கியால் மெல்லத் தூக்கினேன். முன்சக்கரம் தரையை விட்டு இரண்டு விரற்கடை எழும்பினால் போதும். இப்போது ஹேண்டிலை நேராக வைத்து ஒரு விரலால் தட்டினால், அது தானாக ஒரு பக்கம் விழ வேண்டும். என்னுடையது விழவில்லை. தட்டிய இடத்திலேயே நின்றது. முந்தைய சர்வீஸில் யாரோ கோன் செட்டை முறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். ஒழுங்காக முறுக்குவதற்கும் பலமாக முறுக்குவதற்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் இப்படித்தான். கொஞ்சம் தளர்த்தி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, ஆட்டம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு திரும்ப இறுக்கினேன். விரலால் தட்டினால் இப்போது ஹேண்டில் இரு பக்கமும் விழுகிறது.

மறுபடி கொல்லிமலை. நேராக மெதுவாகப் போகும்போது இருந்த அலைச்சல் நின்றுபோனது. ஆனால் வளைவில் அதே பிடிவாதம், பிரேக் தொட்டால் அதே நிமிர்வு.

நண்பர் வண்டியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. என் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரல்கூடச் சரியாக நுழையாது. அவருடையதில் கட்டைவிரல் தாராளமாகப் போகும். குனிந்து பக்கச்சுவரைப் படித்தேன். 110/90-18. கம்பெனி போடுவது 100/90-18. முந்தைய ஓனர் 'லுக்'குக்காக ஒரு சைஸ் பெரிதாகப் போட்டிருக்கிறார். முன்னாலிருந்து பார்த்தால் வண்டி உண்மையிலேயே எடுப்பாகத்தான் இருந்தது, வாங்கும்போது நானே மயங்கியிருக்கிறேன்.

10 மில்லிமீட்டர் அகலம்தானே கூடியிருக்கிறது, அதுவா இந்தப் பாடு படுத்தும் என்றுதான் முதலில் தோன்றியது. அங்கேதான் ஏமாந்தேன். நடுவில் இருக்கும் 90 என்பது மில்லிமீட்டர் கணக்கு இல்லை, சதவீதம். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 90 சதவீதம் என்று பொருள். 100/90 என்றால் பக்கச்சுவர் 90 மி.மீ. 110/90 என்றால் 99 மி.மீ. ஆக, அகலம் கூடும்போது உயரமும் சொல்லாமல் கூடவே ஏறிவிடுகிறது. 18 அங்குல ரிம் என்பது 457.2 மி.மீ. மேலும் கீழும் பக்கச்சுவரைக் கூட்டினால் கம்பெனி டயரின் விட்டம் 637 மி.மீ, என்னுடையது 655. அதாவது சக்கரத்தின் நடு அச்சான ஆக்சில் தரையிலிருந்து 9 மி.மீ கூடுதல் உயரத்தில் நிற்கிறது.

இந்த 9 மில்லிமீட்டர் என்ன செய்கிறது என்று பார்க்க ட்ரெயிலைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சின்னச் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அது சுழலும் தண்டுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும், தானாக நேராகும். பைக்கிலும் அதே கதைதான். ஹேண்டில் திரும்பும் அச்சை நேராகத் தரைவரை நீட்டினால் அது தரையைத் தொடும் இடம் ஒன்று. டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் ட்ரெயில். அது கூடினால் வண்டி நேராகப் போகவே ஆசைப்படும், குறைந்தால் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பும். ரொம்பக் குறைந்தால் நேர் ரோட்டிலும் துள்ளும்.

இன்டர்செப்டருக்கு ஹேண்டில் அச்சின் சாய்வு 24 டிகிரி, ட்ரெயில் 106 மி.மீ. சக்கரத்தின் ஆரம் 9 மி.மீ கூடினால் ட்ரெயில் அதனாலேயே 4 மி.மீ கூடும். அதோடு முடியவில்லை. பின் டயர் கம்பெனி சைஸிலேயே இருக்க, முன்பக்கம் மட்டும் 9 மி.மீ தூக்கப்பட்டுவிட்டது. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1,400 மி.மீ. எனவே மொத்த வண்டியும் ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாகப் பின்னால் சாய்கிறது. ஃபோர்க்கும் சேர்ந்து சாய்கிறது. அதில் இன்னொரு 2 மி.மீ சொச்சம். எல்லாம் சேர்த்தால் 106 இருக்க வேண்டிய இடத்தில் 112. காகிதத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. கொல்லிமலையில் 70 முறை அதை எதிர்த்துத் தள்ளினால் தோள்பட்டைக்குத் தெரியும்.

பிரேக் தொட்டால் நிமிர்வதற்குக் காரணம் வேறு, அதில் அகலத்துக்குப் பங்கு உண்டு. டயரின் வெட்டுமுகம் ஏறக்குறைய அரை வட்டம். வண்டி சாயும்போது தரையைத் தொடும் இடம் டயரின் நடுவிலிருந்து உள்பக்கமாக நகரும். அகலமான டயரில் அந்த நகர்வு அதிகம். அந்த நேரத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால், விலகிய இடத்தில் விழும் பிரேக் விசை நெம்புகோல்போல ஹேண்டிலை வளைவின் உள்பக்கமாக இழுக்கிறது. ஹேண்டில் உள்ளே திரும்பினால் வண்டி வெளியே நிமிரும். மினி லாரிக்கு முன்னால் எனக்கு நடந்தது இதுதான். போதாக்குறைக்கு, முந்தைய ஓனர் நான்குவழிச் சாலையிலேயே ஓட்டியவர்போல. டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகி, இரு ஓரத்திலும் வரப்புபோல் ஒரு விளிம்பு இருந்தது. வண்டி சாயும்போது அந்த வரப்பின் மேல் ஏறி இறங்க வேண்டும். டயரில் பட்டன் (பள்ளங்களுக்கு நடுவே எழும்பி நிற்கும் ரப்பர்) நிறைய மிச்சம் இருந்ததால் நான் அதைக் கவனிக்கவே இல்லை. பக்கச்சுவரில் தேதிக்குறி 1120, அதாவது 2020-ன் 11-வது வாரம். ரப்பரில் நகத்தை அழுத்தினால் தடம் விழவில்லை.

இங்கே ஒரு சிக்கல். பழைய, தட்டையான, இறுகிப்போன டயரைக் கழற்றிப் புதிதாக எதைப் போட்டாலும் வண்டி பறக்கிற மாதிரிதான் இருக்கும். டயர் மாற்றிய எல்லோரும் அந்தக் கம்பெனியைப் புகழ்வதற்குப் பாதிக் காரணம் இதுவே. சைஸால் எவ்வளவு, புதுசு என்பதால் எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

ராசிபுரம் நண்பர் உதவிக்கு வந்தார். அவர் முன்னால் போட்டிருந்தது 110/80-18, அதுவும் புதிதல்ல, ஒரு வருடம் ஓடியது. 110-இல் 80 சதவீதம் 88 மி.மீ. விட்டம் 633 மி.மீ. அகலம் என் டயர்போலவே, உயரம் கம்பெனி டயரைவிட மயிரிழை குறைவு. இதைவிடப் பொருத்தமான சோதனைப் பொருள் காசு கொடுத்தாலும் கிடைக்காது. காரவள்ளியில் ஒரு டீக்கடை ஓரத்தில் இரண்டு வண்டியையும் நிறுத்தி, முன்சக்கரங்களை மட்டும் பிரேக் டிஸ்க்கோடு அப்படியே மாற்றிக்கொண்டோம். முக்கால் மணி நேரம் ஆனது. டீக்கடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். ஒரு வண்டியின் பிரேக் பேடுக்கு இன்னொரு வண்டியின் டிஸ்க் பழகியிருக்காது என்பதால் முதல் பத்து பதினைந்து முறை பிரேக்கை மெதுவாகவே பிடித்தோம். இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் அதை மறக்க வேண்டாம்.

இருபதாவது வளைவு வரை போய்த் திரும்பினேன். பாதிக்குமேல் கனம் போய்விட்டது. ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமலே சாய்கிறது. ஆனால் இறங்கும்போது வளைவில் பிரேக் தொட்டால் நிமிர்வது குறைந்ததே தவிர நிற்கவில்லை. உயரத்தால் வந்த கோளாறு ஒன்று, அகலத்தால் வந்த கோளாறு ஒன்று என்று இரண்டும் தனித்தனியாக நின்றன. எனக்கு அதுவே போதும். என் சக்கரத்தோடு ஏறிய நண்பர் ஐந்தாவது வளைவிலேயே திரும்பி வந்துவிட்டார். "இதையா ரெண்டு மாசமா ஓட்டினீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்து, எந்த சைஸ்? நாமக்கல் லாரி ஊர், டயர்க் கடைக்குப் பஞ்சமில்லை. எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் அண்ணன் முப்பது வருடமாக லாரி டயர் கழற்றிப் போட்டவர், பைக் டயர் அவருக்கு வளையல் மாதிரி. விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு 90/90-18 எடுத்து வந்தார். "சின்னதுதானே வேணும் தம்பி? இதைப் போடு, சைக்கிள் மாதிரித் திரும்பும்."

திரும்பும்தான். கணக்குப் போட்டால் அதன் ஆரம் கம்பெனி டயரைவிட 9 மி.மீ குறைவு, ட்ரெயில் 100-க்கு வந்துவிடும். ஆனால் பக்கச்சுவரில் 51P என்று இருந்தது. 51 என்பது எடைக்குறியீடு, அந்த டயர் தாங்குவது 195 கிலோ. P என்றால் மணிக்கு 150 கி.மீ வரைதான் உத்தரவாதம். இன்டர்செப்டருக்குக் கம்பெனி கொடுப்பது 56H. அது 224 கிலோ தாங்கும், 210 கி.மீ வேகம் வரை செல்லுபடி. நான் 150-இல் போகப்போவதில்லை. ஆனால் வண்டி அந்த வேகத்தைத் தாண்டக்கூடியது. அது மட்டுமல்ல. 202 கிலோ வண்டி, 84 கிலோ நான், மனைவி, பையில் கொல்லிமலைப் பலாப்பழம் என்று இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மொத்த எடையில் பெரும்பங்கு முன் டயர் மேல்தான் வந்து விழும். சின்ன வண்டிக்குச் செய்த டயரை அந்த வேலைக்கு அனுப்ப மனசு வரவில்லை. ரிம்மும் சரியாக ஒத்துவராது. இன்டர்செப்டரின் முன் ரிம் அகலம் 2.5 அங்குலம். 90/90-க்கு ஏற்ற ரிம் 2.15. அகலமான ரிம்மில் ஒல்லி டயரைப் போட்டால் அது விரிந்து தட்டையாகி உட்காரும், வட்டமான முகம் கெட்டுவிடும். "அண்ணா, நான் சின்னதா வேணும்னு சொன்னது இப்ப இருக்கறதைவிட. கம்பெனி சைஸைவிட இல்லைங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே டயரை உள்ளே உருட்டிவிட்டார்.

மிச்சம் 110/80, 100/90 இரண்டும்தான். முன்னதை ஓட்டியே பார்த்துவிட்டேன், பிரேக் தொட்டால் அதிலும் நிமிர்வு நிற்கவில்லை. அதனால் முடிவு சுலபம். பின்னால் சியட் ஜூம் குரூஸ் டயர் இருந்தது, அதே ரகத்தில் 100/90-18 56H சொல்லிவைத்தேன். நான்கு நாளில் வந்தது. டயர், புது டியூப், ரிம் டேப் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஸ்போக் சக்கரம் என்பதால் உள்ளே டியூப் கட்டாயம். பழைய டியூப் பெரிய டயருக்குள் விரிந்து பழகியது. சின்ன டயருக்குள் அதையே திணித்தால் மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் நாளைக்குப் பஞ்சர். அதனால் டியூபில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று விட்டேன்.

பொருத்துவதை வீட்டிலேயே செய்தேன். லாரி டயருக்கான லிவரை என் ரிம்மில் போடவிட எனக்குத் தைரியமில்லை.

ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு முதல் வேலையாக பிரேக் கேலிப்பரின் இரண்டு போல்ட்டைக் கழற்றினேன். கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது. ஒரு கயிற்றால் ஃபோர்க்கில் கட்டிவிட்டு, இரண்டு பேடுக்கும் நடுவே ஓர் அட்டைத்துண்டைச் செருகினேன். தெரியாமல் யாராவது பிரேக் லிவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்து, அப்புறம் டிஸ்க் உள்ளே நுழையாது. வீட்டில் ஏழு வயதுப் பையன் இருக்கிறான், ஆகவே அட்டைத்துண்டு அவசியம். ஏபிஎஸ் சென்ஸாரின் வயர் இழுபடாமல் பார்த்துக்கொண்டு ஆக்சிலை உருவினேன். ஸ்பேசர் எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று கழற்றும்முன் போனில் படம் எடுத்துவைப்பது நல்லது. நான் எடுத்தேன், பிறகு அதைப் பார்க்க வேண்டியும் வந்தது.

டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து விடுவிப்பதற்குள்தான் வேர்த்துக் கொட்டியது. நான்கு வருடம் ஒட்டிக்கிடந்த டயர். காலால் மிதித்தேன், ஏறிக் குதித்தேன், அசையவில்லை. கடைசியில் சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து, டயரின் மேல் ஒரு கட்டையை வைத்து, அதன் மேல் ஸ்ப்ளெண்டரின் சைடு ஸ்டாண்டை இறக்கி, வண்டியின் எடையை அதில் சாய்த்தேன். 'பொத்' என்று விட்டது. பழைய வண்டியை விற்காமல் வைத்திருந்ததற்கு ஒரு பயன். டிஸ்க் பக்கத்தைக் கீழே வைக்காதீர்கள், நெளிந்துவிடும். மேலே வைத்து வேலை செய்தால் அடிக்கடி கண்ணில் படும், ஜாக்கிரதையாக இருப்போம்.

லிவர் படும் இடத்தில் ரிம்மில் கீறல் விழாமல் இருக்கத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை ஜாண் அளவு வெட்டி, நீளவாக்கில் பிளந்து மாட்டிக்கொண்டேன். பழைய ரிம் டேப்பை எடுத்தபோது இரண்டு ஸ்போக் நிப்பிளைச் சுற்றித் துரு. உப்புத்தாளால் தேய்த்து, புது டேப் ஒட்டினேன். புது டயரின் பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்துப் போட வேண்டும். அதே இடத்தில் ஒரு வண்ணப் புள்ளியும் இருந்தால் அதை வால்வுக்கு நேராக வைப்பது வழக்கம், டயரின் எடை குறைந்த பக்கத்தை அது காட்டும்.

டியூபில் டால்கம் பவுடர் தடவி, உருவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்றடித்து உள்ளே வைத்தேன். இரண்டாவது விளிம்பை ஏற்றும்போது, கடைசி ஒரு சாண் மட்டும் ஏறாமல் அடம்பிடித்தது. பொறுமை போய் லிவரை ஒரு அமுக்கு அமுக்கினேன். ஏறிவிட்டது. காற்றடித்தால் 'உஸ்' என்று சத்தம். டியூபைக் கடித்துவிட்டேன். புது டியூப், அரை மணி நேரத்தில் பஞ்சர். தவறு எங்கே என்று பிறகு புரிந்தது. எதிர்ப்பக்கத்து விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். அது மேலேயே உட்கார்ந்திருந்ததால் இந்தப் பக்கத்துக்கு இடம் போதவில்லை. பள்ளத்தில் இறக்கி, சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவினால் கடைசிச் சாணைக் கையாலேயே தள்ளிவிடலாம். அண்ணன் கடைக்குப் போய் இன்னொரு டியூப் வாங்கினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மோவாயைத் தடவிக்கொண்டு காசை வாங்கிப் போட்டார், அது கேட்டதைவிட மோசம்.

இரண்டாம் முறை ஒழுங்காக ஏறியது. டயரின் இரு பக்கமும் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றிவர இருக்கும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் தெரிந்தால் டயர் சமமாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். பாலன்ஸ் பார்க்க, ஆக்சிலைச் சக்கரத்தில் செருகி, செங்கல் அடுக்கு இரண்டின் மேல் வைத்துச் சுழலவிட்டேன். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே ஸ்போக்கில் எடையைக் கட்ட வேண்டும். 20 கிராமில் சரியானது. கழற்றிய டயரையும் புதிதையும் காய்கறி நிறுக்கும் தராசில் வைத்தேன். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம். சக்கரத்தின் வெளிவிளிம்பில் 80 கி.மீ வேகத்தில் நொடிக்கு 11 முறை சுற்றும் ஒரு கிலோ அது.

எல்லாம் பூட்டி, ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கி, ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கிவிட்டுத்தான் அடிப்பக்க போல்ட்டை இறுக்கினேன். பிரேக் லிவரைப் பலமுறை அடித்துப் பேடு பிடிப்பதை உறுதி செய்தேன். வண்டியில் நான் உட்கார்ந்திருக்க, ஆக்சிலின் நடுப்புள்ளியிலிருந்து தரைக்கு என்ன உயரம் என்று மனைவி டேப் பிடித்துப் பார்த்தாள். முன்பு 319 மி.மீ, இப்போது 311. கணக்கு 9 என்றது, டேப் 8 என்கிறது. பரவாயில்லை.

கயிறு கட்டிச் சாமான் நிறுக்கும் தராசு ஒன்று வீட்டில் உண்டு. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்டில் முனையில் மாட்டி இழுத்து, முன்சக்கரம் திரும்ப ஆரம்பிக்கும் கணத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று டயர் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்துவைத்தேன். காற்று இரண்டு முறையும் 32. முன்பு ஆறரை கிலோ, இப்போது ஐந்தரை. இதை அறிவியல் என்று சொல்ல மாட்டேன், ஓடும் வண்டியில் நடப்பது வேறு. ஆனால் பெட்ரோல் பங்கில் வண்டியைத் தள்ளித் திருப்பும்போது தெரியும் வித்தியாசம் இந்த ஒரு கிலோதான்.

புது டயரில் முதல் 200 கி.மீ சாய்த்து ஓட்டக் கூடாது, மேல்பரப்பு வழவழவென்று இருக்கும். மோகனூர், பரமத்தி என்று சும்மா சுற்றி அதை முடித்தேன். அப்புறம் கொல்லிமலை.

எழுபதும் ஏறினேன். முப்பதாவது பலகையில் வேண்டுமென்றே நிறுத்தித் தோளை அசைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. முதல் கியரில் உள்ளே நுழையும் இறுக்கமான வளைவுகளில் முன்பு இடுப்பையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருந்தது, இப்போது உள்பக்கத்துக் கைப்பிடியை லேசாக முன்னால் அழுத்தினால் போதும். இறங்கும்போது, எதிரே யாரும் இல்லாத ஒரு வளைவில் வேண்டுமென்றே முன் பிரேக்கைத் தொட்டேன். நிமிரும் ஆசை இன்னும் கொஞ்சம் இருக்கிறது, எந்த பைக்கிலும் இருக்கும். ஆனால் என்னைத் தூக்கி வெளியே போடவில்லை. மனைவியிடம் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே அரப்பளீஸ்வரர் கோவில் வாசலில், "இன்னைக்கு பேசிக்கிட்டே ஓட்டினீங்க" என்றாள்.

இழந்ததும் உண்டு. குண்டும் குழியுமான ரோட்டில் பெரிய டயர் மெத்தை மாதிரி இருந்தது, இது ஒவ்வொரு குழியையும் எண்ணிச் சொல்கிறது. சேலம் போகும் நான்குவழிச் சாலையில் 100-க்கு மேல் பழைய டயர் தண்டவாளத்தில் போவதுபோல் போகும். இப்போது லாரியைத் தாண்டும்போது காற்று முன்பக்கத்தைத் தட்டிப் பார்ப்பது கைக்குத் தெரிகிறது. தினமும் நெடுஞ்சாலையிலேயே ஓடுபவருக்கு முந்தைய ஓனர் செய்தது தவறே இல்லையோ என்னவோ. எடுப்பும் குறைந்துவிட்டது. முன்னாலிருந்து பார்த்தால் ஒல்லியாக, கொஞ்சம் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிற்கிறது. மட்கார்டுக்குள் செம்மண் அடைத்துக்கொண்டு கரகரக்கும் சத்தம் மட்டும் போயே போய்விட்டது.

மாற்றி 4,000 கி.மீ ஆகிறது. புது டயர் மயக்கம் தெளிந்திருக்க வேண்டிய தூரம். இன்னும் அப்படியேதான் திரும்புகிறது, நடுப்பகுதி தேய்வதும் இப்போதைக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை.

கழற்றிய டயரை அண்ணன் கடையில் போட்டுவிட்டேன், வாசலில் நாற்காலிக்குப் பதிலாக யாராவது அதில் உட்கார்ந்திருப்பார்கள். போன வாரம் பின் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது இன்னும் மூணாயிரம் ஓடும் தம்பி. அடுத்தது 140 போட்டுரலாம், சும்மா கும்முன்னு இருக்கும்" என்றார். 140/70 என்றால் பக்கச்சுவர் 98 மி.மீ. இப்போதிருக்கும் 130/70-க்கு 91. பின்பக்கம் 7 மி.மீ ஏறும், ஃபோர்க் செங்குத்தாகும், ட்ரெயில் ஒன்றிரண்டு மி.மீ குறையும். ரிம் மூன்றரை அங்குலம்தான். நான் கணக்குப் போட ஆரம்பித்ததைப் பார்த்ததும் அவர் டீ வாங்கக் கிளம்பிவிட்டார்.